கடைசி நாற்காலியில் டெல்சி டீச்சர்

மைக்கைக் கையில் வாங்கியதும் "எல்லாருக்கும் கேக்குதா?" என்று ஆரம்பிக்கிறவர்கள் மேல் எனக்கு இருபத்தாறு வருடக் கோபம் உண்டு. மண்டைக்காட்டில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவன் நான். கோயில் கொடை, பங்குத் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம், எதுவானாலும் முதல் வார்த்தை இதுதான். முன்னால் இருக்கும் மூன்று வரிசை தலையாட்டும். காதில் விழாதவன் பந்தலின் கடைசிக் காலில் சாய்ந்து நிற்பான். அந்தக் கேள்வியே அவனுக்குப் போய்ச் சேரவில்லை, பிறகு பதில் எங்கிருந்து வரும்? பேசுகிறவர் திருப்தியாகப் பேசிவிட்டு இறங்கிப் போவார். மறுநாள் கடைத்தெருவில் "வைகுண்டராஜனுக்க செட்டு செரியில்ல" என்று என் தலையில் விழும். அதனால் யார் பேச ஆரம்பித்தாலும் நான் நடந்துபோய்க் கடைசியில் நின்று பார்ப்பேன். இத்தனை வருடத்தில் அந்த வேலையை என்னை முந்திக்கொண்டு செய்த ஒரே ஆள் டெல்சி டீச்சர்.

முதலில் பார்த்தது இரண்டு வருடத்துக்கு முன்பு, தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரியில். கல்லூரி மண்டபங்களில் சொந்த மைக் உண்டு. அது வேலை செய்யாது, அதனால் எனக்கு வேலை உண்டு. நான் கொடுத்த மைக்கை அவர் முன்வரிசையில் இருந்த ஒரு பேராசிரியரிடம் நீட்டி, "மக்கா, இந்தப் பேப்பர சும்மா ரெண்டு வரி வாசி" என்றார். பேராசிரியர் வாசிக்க வாசிக்க, இவர் குடையை ஊன்றி நடந்து கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து இடது கையைத் தூக்கினார். கூட்டினேன். போதும் என்று கையைத் தாழ்த்தினார். பிறகு அங்கிருந்து எழுந்து வரவே இல்லை.

"இஞ்ச இருந்தா தூணு மட்டுந்தான் தெரியுது. எல்லாரும் நாற்காலிய இந்தப் பக்கம் திருப்புங்க."

மண்டபம் முழுக்க நாற்காலி உரசும் சத்தம். சீக்கிரமே வந்து முன்னால் இடம்பிடித்த துறைத்தலைவர்கள் ஒரே நிமிடத்தில் கடைசி வரிசை ஆனார்கள்.

சாயா நேரத்தில் நானே போய் என் கோபத்தைச் சொன்னேன். சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "இத நான் எடுத்துக்கிடட்டா அண்ணே?" என்றார். அன்றிலிருந்து எங்கே போனாலும் பேச்சை இதில்தான் ஆரம்பிக்கிறார். "இது எனக்க சொந்த சரக்கு இல்ல. அந்தா நிக்காருல்லா மைக்செட்டு அண்ணன், அவருக்கதாக்கும்" என்று கையும் காட்டிவிடுவார். வேறு செட்டுக்காரரை அவர் கூப்பிடுவதில்லை.

அவர் பார்க்கிற வேலையை வீட்டில் விளக்க எனக்கு நாலு நாள் பிடித்தது. பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விடாமல் இருக்கக் கல்லூரிகள் சில ஏற்பாடுகள் வைத்திருக்கின்றன. பாடம் ஏறாதவர்களுக்குத் தனி வகுப்பு, மனக்கஷ்டத்தைச் சொல்ல ஓர் அறை, பசியோடு வருகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு, இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பு என்று. இவை நிஜமாகவே யாருக்காவது உதவுகின்றனவா என்று கண்டுபிடிக்க ஆசிரியர்களைப் பழக்குவதுதான் டெல்சியின் தொழில். ஒவ்வொரு கல்லூரியிலும் இரண்டு நாள் பயிற்சி. "நான் டீச்சர் இல்லண்ணே, டீச்சர்மாருக்கு வேல குடுக்குதவ" என்று என்னிடம் பலமுறை சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் கண்ணாடி போட்டுக் குடை பிடித்து வருகிற பெண் டீச்சர்தான். நான் மாற்றிக்கொள்ளவில்லை.

கடியப்பட்டணத்துக்காரர். அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். வயது ஐம்பதை நெருங்கும். ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம், ரப்பர் செருப்பு, தோளில் ஒரு சாக்குப் பை. குரல் மைக் இல்லாமலே கேட் வரை போகும். "காத்துக்கு மேல பேசிப் பழகுன குடும்பம்" என்பார். சாக்குப் பைக்குள் பழைய வருகை ஏடுகளும் ஒரு மர அடிமட்டமும் இருக்கும்.

அந்த அடிமட்டத்துக்கு ஒரு காரணம் உண்டு. முன்பு ஒரு கல்லூரி அலுவலகத்தில் பதினோரு வருடம் எழுத்தராக இருந்தார். பாதியில் நின்ற பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையால் வெட்டுவது அவர் பொறுப்பு. "கோடு நேரா வரணும்னு அவ்வளவு கவனமா வெட்டுவேன் மக்களே. ஒரு பிள்ளையிட்டகூட என்ன ஏதுன்னு விசாரிச்சது இல்ல" என்று ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்வார். குரலில் அழுகை கிழுகை இருக்காது. பால் திரிந்துபோனதைச் சொல்கிற மாதிரி சொல்வார்.

என் மகள் சுபிதாவின் பெயரும் ஒரு கல்லூரி ஏட்டில் அப்படி வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. மூன்று வருடம் ஆகிறது. கணிதம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவள் ஒரு திங்கட்கிழமை பையை ஆணியில் மாட்டினாள், பிறகு எடுக்கவில்லை. முற்றத்தில் நின்று ஏன் என்று கத்திப் பார்த்தேன். இப்போது அண்டியாபீஸில், முந்திரி ஆலையில், பருப்புத் தோல் உரிக்கிறாள். எனக்கும் அவளுக்கும் "சோறு இருக்கு", "செரி" என்ற அளவுக்குத்தான் பேச்சு. நன்றாகப் படித்த பிள்ளை ஏன் நின்றது என்று தெரியாமலே இருக்கிறேன். டெல்சி டீச்சரிடம் இதை நான் சொன்னதில்லை.

பயிற்சிக்கு வருகிறவர்கள் தடித்த கோப்புகளோடு வருவார்கள். கருங்கல் பக்கம் ஒரு கல்லூரியில் முனைவர் சிவபிரசாத் என்பவர், தங்கள் தனி வகுப்பில் தொண்ணூற்று நான்கு சதவீதம் பேருக்குத் திருப்தி என்று திரையில் படம் போட்டுக் காட்டினார்.

"கொள்ளாம், நல்லாருக்கு" என்றார் டெல்சி. "திருப்தியான்னு கேட்ட தாள ஆருக்கு குடுத்தீங்க?"

"கிளாஸ்ல இருந்த பிள்ளைங்களுக்கு மேடம்."

"எத்தன மணிக்கு?"

"நாலரைக்கு, கிளாஸ் முடியும்போ."

"கடற்கரைக்குப் போற பஸ்ஸு எப்போ?"

சிவபிரசாத்துக்குத் தெரியவில்லை. பக்கத்தில் யாரோ "நாலு பத்து" என்றார்கள்.

"அப்போ பஸ்ஸுல போனவளுக்கு திருப்தியா இல்லியான்னு ஆரு சொல்லுவா?"

அவர் விடவில்லை. "மேடம் என்ன படிச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"பி.காம். ரெண்டு அரியர் கெடந்தது, கல்யாணம் கழிஞ்சு எழுதி எடுத்தேன். நீங்க அடுத்த படத்தப் போடுங்க மக்கா. படம் நல்லாத்தான் வரஞ்சிருக்கீங்க."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சாயங்காலம் சாக்குப் பையை வண்டி வரை தூக்கி வந்தது சிவபிரசாத்தான்.

மதியம் முதல்வர் அறைக்குச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். போகமாட்டார். மரச்சீனிக் கிழங்கும் மீனும் வீட்டிலிருந்து கொண்டுவந்திருப்பார். மண்டபம் பெருக்குகிறவர் யாரோ அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அந்தக் கல்லூரியில் அது அன்னக்கிளி அக்கா.

"அக்கா, பிள்ளைங்க கஷ்டம் சொல்லதுக்கு ஒரு ரூம் வச்சிருக்காவல்லா, அஞ்ச, அந்த ரூமுல, பெருக்க சோலி எப்படி?"

"அஞ்ச என்ன சோலி டீச்சர்? நாற்காலில தூசி கெடக்கும். தட்டிட்டு வருவேன்."

அந்த அறைக்கு இருநூறு பேர் வந்துபோனதாகக் கோப்பில் எழுதியிருந்தது. டெல்சி அதைச் சொல்லி யாரையும் கூசவைக்கவில்லை. எல்லோரையும் எழுப்பி அந்த அறை வரை நடக்கவைத்தார். அது முதல்வர் அறைக்கு நேர் எதிரே இருந்தது. "உங்களுக்கு பதினெட்டு வயசு. அழணும் போல இருக்கு. இந்த வராந்தாவுல நடந்து வந்து இந்தக் கதவத் தட்டுவியளா?" அடுத்த மாதமே அறையை நூலகத்துக்குப் பின்பக்கம் மாற்றினார்கள். "இப்போ பெருக்க சோலி உண்டும்" என்று அன்னக்கிளி அக்கா என்னிடம் புகார் மாதிரி சொன்னார்.

இரண்டாம் நாள் காலைதான் கடினம். ஒவ்வோர் ஆசிரியருக்கும் அவர்கள் ஏட்டிலிருந்தே ஒரு சிவப்புக் கோட்டைக் கொடுப்பார். அந்தப் பெயருக்கு நேரே எழுதியிருக்கும் போன் எண்ணைக் கூப்பிட்டு மூன்றே கேள்வி கேட்க வேண்டும். எப்போது நின்றாய், அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது, அதை யாரிடம் சொன்னாய். புத்தி சொல்லக் கூடாது. திரும்பி வா என்று கூப்பிடக் கூடாது. பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும்.

"ஏன் நின்னன்னு மட்டும் கேட்டுராதீங்க. ஏன்னு வந்தா பிள்ள கோர்ட்டுல நிக்கது மாதிரி நின்னுரும். முந்தின நாளப் பத்தி பேசுங்க, கத தானா வரும்."

ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பாடம் நடத்துகிறவர்கள், பத்து எண்ணை அமுக்க முடியாமல் வராந்தாவில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை பிரபின் என்ற பையன் சொன்ன பதிலை அவனுடைய ஆசிரியர் வாசித்தார். காலைச் சாப்பாட்டுக்கான சீட்டு வாங்க அவன் பெயரை மைக்கில் கூப்பிட்டார்களாம். "எல்லாரும் திரும்பிப் பாத்தாவ சார். பசி போயிட்டு." அது என் மைக்காக இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். இருந்திருக்கவும் கூடும்.

போன மாதம் பயிற்சி நடந்தது சுபிதா படித்த கல்லூரியில். நான் வாயைத் திறக்காமல் ஸ்பீக்கர் பெட்டிகளை வைத்தேன். இரண்டாம் நாள் காலை, கணிதத் துறை ஆசிரியை ஷெர்லி, சிக்னல் கிடைக்கும் ஜன்னலைத் தேடி என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையில் ஏடு. எண்ணை அமுக்கினார். என்னுடையது பழைய பட்டன் போன், அழைப்பு வருவதற்கு முன்பே பெட்டியில் டுர்ர்ரென்று இரையும். அப்படி இரைந்தது. பிறகு என் சட்டைப்பையில் மணி அடித்தது.

"ஹலோ, சுபிதாக்க அப்பாவா?"

போனில் வந்த குரலே பக்கத்திலிருந்தும் வந்தது. இரண்டு பேரும் திரும்பினோம். அந்தப் பெண் வெளிறிப்போய்விட்டார். ஆனாலும் பயிற்சி பயிற்சிதானே. காதிலிருந்து போனை எடுக்காமலே, "சுபிதா எப்போ நின்னா?" என்றார்.

"மாசிக் கொடை நேரம்."

"அதுக்கு முந்தின நாள் என்ன நடந்துது?"

"நான் வீட்டுல இல்ல. பத்து நாளும் செட்டுக்குப் பக்கத்துலதான் கெடந்தேன்."

"அவ யாருகிட்ட சொன்னா?"

"மூணு வருசம் கழிஞ்சா விசாரிக்கீங்க? அப்போ நீங்க எல்லாம் எங்க போயிருந்தீங்க?" மைக் திறந்திருந்தது. மண்டபம் முழுக்க என் குரல் போயிற்று.

டெல்சி டீச்சர் கடைசி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். ஆறுதல் சொல்லவில்லை. "ரெண்டு வருசமா எனக்க கூட வாறீங்க" என்றார்.

"நீங்களும் விசாரிக்கல்ல."

"இல்ல. நான் விசாரிக்கல்ல." கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "பிள்ளைகிட்ட நீங்க பேசினியளா?"

"பேசினேன்."

"எப்படி?"

முற்றத்தில் நின்று கத்தியதைச் சொன்னேன். அவர் சாக்குப் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்தார். ஏட்டை என் மேஜையில் விரித்து, சிவப்புப் பேனாவை அதன்மேல் வைத்தார்.

"உங்க நம்பர வெட்டுங்கண்ணே. பிள்ளைக்க நம்பர எழுதுங்க."

வெட்டினேன். கோடு கோணிப்போயிற்று. மகளின் எண் எனக்கு மனப்பாடம் இல்லை, போனில் தேடிப் பார்த்துத்தான் எழுதினேன். ஷெர்லி அதை அமுக்கப் போனார். டெல்சி அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, செட்ட அணைச்சிட்டு வெளிய போங்க. அப்பா பக்கத்துல நிக்காரான்னு அவ கேப்பா. இல்லன்னு ஷெர்லி உண்மையா சொல்லணும்."

"எங்க வரைக்கும் போவணும் டீச்சர்?"

அவர் என் தோளைத் தொட்டு வாசல் பக்கம் திருப்பிவிட்டார்.

"சத்தம் எட்டாத எடம் எதுன்னு உங்களுக்குத் தெரியும்லா. அஞ்ச போய் நில்லுங்க."