மாம்பழத்தின் இருபத்தாறு டிகிரி

எண்பதுகளின் கடைசியில், வளைகுடா நாட்டில் வேலையிலிருந்த என் மகன், ஊருக்கு வந்த நண்பர் ஒருவரிடம் சமையலறை வெப்பமானி ஒன்றைக் கொடுத்தனுப்பினான். பேனா நீளத்தில் ஓர் எஃகு ஊசி. அதன் தலையில் சிறிய கண்ணாடிச் சதுரம். அதில் எண்கள் தோன்றும். அந்த நாட்டில் அடுப்பிலிருக்கும் இறைச்சியைக் குத்திப் பார்க்க அதை வைத்திருப்பார்களாம். பென்னாகரத்தில் எங்கள் வீட்டில் கறி வெந்துவிட்டதா என்று அறிய யாருக்கும் ஊசி தேவைப்பட்டதில்லை. ஆயினும், முப்பது ஆண்டுகள் பௌதிகம் கற்பித்து ஓய்வுபெற்றவன் கைக்கு வந்த கருவி சும்மா கிடக்கலாகாது.

பாலில் தொடங்கினேன். காய்ச்சிய பாலில் விரலை வைத்துப் பார்த்து உறை ஊற்றுவது என் மனைவியின் வழக்கம். தயிர் ஒரு நாள் கெட்டியாக இருக்கும். மறுநாள் நூல் விடும். நாற்பது டிகிரிக்கு இறங்கிய பிறகே மோர் விட வேண்டும் என்று விதித்தேன். ஒரு வாரம் முணுமுணுத்தாள். பிறகு அவளே, "ஏங்க, ஊசியக் கொண்டாங்க" என்று கூப்பிடலானாள். என் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கும் வெந்நீர், மார்கழியில் புளிக்க மறுக்கும் இட்லி மாவு, மருமகள் குளிக்கும் தண்ணீர் என எல்லாவற்றிலும் ஊசி இறங்கியது. காபி ஆறிப்போயிருக்கிறது என்று குறை சொல்வதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொல்லத் தொடங்கினேன். அது மனைவிக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து வந்த கோடையில் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணியாக எங்களுடன் இருந்தாள். கணவன் கடல் கடந்திருக்க, அவளும் வயிற்றுப் பிள்ளையும் என் பொறுப்பு. வீட்டில் மாம்பழம் வந்து குவியும் காலம். மாம்பழம் உடம்புக்குச் சூடு, பிள்ளைக்கு ஆகாது என்று என் மனைவி அவளை ஒரு துண்டுகூடத் தொடவிடவில்லை.

மகளைப் பார்க்க மொரப்பூரிலிருந்து சம்பந்தியம்மாள் வந்தார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். பேச்சில் யாருக்கும் சளைக்காதவர். நான் பாலில் ஊசியை வைத்துக் காத்திருந்ததைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "எங்க வூட்ல வெரல வச்சே தயிர் தோய்ச்சுட்டுத்தான் இருக்கறோம்ங்க சம்பந்தி. வெரலுக்குப் பாட்டரியும் போட வேண்டியதில்ல" என்றார். அண்டை வீட்டுப் பெண்கள் இருவர் அங்கிருந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை; சிரிப்பை அடக்கினார்கள். அது இன்னும் உறைத்தது.

அந்த நேரம் பார்த்து மருமகள், "மாமா, அந்த மிஷின்ல மாம்பழத்தோட சூடு எவ்வளவுன்னு பாருங்களேன்" என்றாள்.

உணவு உடம்புக்குச் செய்வதாகச் சொல்லப்படும் சூடு வேறு, ஊசி காட்டும் சூடு வேறு. இரண்டுக்கும் நம் மொழியில் சொல் ஒன்றுதான். அதை விளக்கிச் சொல்வதே என் படிப்புக்கு அழகு. நான் அதைச் செய்யவில்லை. தண்ணீர்த் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த மாம்பழம் ஒன்றை எடுத்துக் குத்தினேன். இருபத்தாறு. முற்றத்து வெயிலில் கூடையோடு கிடந்த வெள்ளரிக்காயைக் குத்தினேன். முப்பத்தாறு. வெள்ளரி குளிர்ச்சி என்பதில் அங்கிருந்த எவருக்கும் ஐயமில்லை.

"வெள்ளரி முப்பத்தாறு, மாம்பழம் இருபத்தாறு. எது சூடுன்னு நீங்களே சொல்லுங்க சம்பந்தி" என்றேன்.

சம்பந்தியம்மாள் என்னை ஒரு முறை பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். என் மனைவி பழம் நறுக்கக் கத்தி எடுத்துவர உள்ளே போனாள். அன்று முதல் மருமகள் மாம்பழம் தின்றாள். நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் காலை அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி என்னை ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வாடகைக் கார் பிடித்துத் தர்மபுரிக்கு விரைந்தோம். பெரியவர்களின் பேச்சைப் பொய்யென்று நிரூபிக்க எனக்கு அன்று ஒரு சான்றும் இருக்கவில்லை. வெயிலில் கிடந்த ஒரு காய்தான் இருந்தது. அந்தப் பெண் நம்பியது மாம்பழத்தையல்ல, என் வாக்கை. பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்தால் மகனுக்கு என்னவென்று கடிதம் எழுதுவேன் என்று வழிநெடுக மனத்துக்குள் வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். ஒன்றும் அமையவில்லை.

மருத்துவமனையில் பெண் மருத்துவர் நெடுநேரம் பரிசோதித்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் கவலை இல்லை. குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது, இது வெறும் அசீரணம் என்றார். நேற்று எத்தனை பழம் தின்றாய் என்று கேட்டதற்கு மருமகள் ஆறு என்று சொன்னாளாம். நாளுக்கு ஒன்று போதும், அதனால் கெடுதல் இல்லை என்றார் மருத்துவர். வராந்தா விசுப்பலகையில் அமர்ந்தேன்.

தந்தி அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையிலிருந்து நான் தொலைபேசியில் சொல்லியனுப்பிய செய்தி கேட்டு, ஊர் திரும்பியிருந்த சம்பந்தியம்மாள் பிற்பகலில் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். மகளைப் பார்த்துவிட்டு வந்து, அதே பலகையின் மறுகோடியில் உட்கார்ந்தார். நான் எழுந்து நின்றேன்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க சம்பந்தி. அந்தக் கருவி காட்டறது வேற சூடு. சொல்லும்போதே எனக்குத் தெரியும்."

அவர் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குந்தான் தெரியும்ங்க. பழம் தொட்டித் தண்ணியில கெடந்துச்சு, வெள்ளரி வெயில்ல கெடந்துச்சு. கண்ணு முன்னாலதான பாத்தேன்."

அப்படியானால் அன்றே ஏன் மறுக்கவில்லை என்று கேட்டேன்.

"புள்ள பழத்தயே பாத்துட்டு இருந்துச்சுங்க. நான் தின்னுன்னு சொன்னா உங்க வூட்ல சண்ட வரும். நீங்க சொன்னா யாரு மறுப்பாங்க? அதான் கம்முனு இருந்துட்டேன். ஆறு தின்னுவான்னு கண்டனா?" என்றவர், "நான் வெளிய சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அதை அவரிடம் கேட்டுக்கொள்ள எனக்கு நா எழுந்திருக்காது. கேளாமலே கொடுத்துவிட்டார். வெட்கமும் ஆறுதலும் ஒன்றாக வந்து, ஆறுதலே மிஞ்சியது.

காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டு, பையிலிருந்து தூக்குப்போசியை எடுத்தார். எலுமிச்சைச் சோறு. பொது இடத்தில் உட்கார்ந்து உண்பது என் வழக்கமல்ல. மூடியில் வைத்துத் தந்ததை வாங்கி, அந்தப் பலகையிலேயே கையால் பிசைந்து உண்டேன். அவ்வழியே போன என் பழைய மாணவர் ஒருவர் நின்று வணக்கம் சொன்னார். வாய் நிறையச் சோற்றுடன் தலையை மட்டும் அசைத்துவிட்டு, சம்பந்தியம்மாளிடம் மூடியை மறுபடி நீட்டினேன்.