காக்கிப் பைக்குள் பூந்திக்கொட்டைப் பொடி

அடுத்தவர் செய்த சரக்குக்குச் சட்டை போட்டுக் கடைக்கு அனுப்புகிற தொழில் என்னுடையது. லேபிள், டப்பா, பை என்று சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பதினாறு வருடமாக வரைந்துகொண்டிருக்கிறேன். "லோகோவைக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க" என்பதைக் கேட்டுக் கேட்டே முடி கொட்டிப்போன என் இனத்தாருக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

போன வருடம் எடப்பாடியிலிருந்து சுமதி வந்தார். பூந்திக்கொட்டையை அரைத்துப் பாத்திரம் கழுவும் பொடி செய்கிறவர். கூட நான்கு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். சேலத்தில் ஒரு பெரிய கடையின் மேனேஜர், ஒரு மாதம் ரேக்கில் இடம் தருகிறேன், விற்றால் தொடரலாம், விற்காவிட்டால் அள்ளிக்கொண்டு போய்விட வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். அள்ளிக்கொண்டு வந்தால் அந்த நான்கு பேரையும் நிறுத்த வேண்டியிருக்கும், அதை என் வாயால் எப்படிச் சொல்வேன் என்று கவலைப்பட்டார். எனக்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: துளி பிளாஸ்டிக் கூடாது.

இலை வேண்டும்

சுமதியின் கணவர் பழனிசாமி பவர்லூம் வைத்திருக்கிறார், கொஞ்சம் தோட்டமும் உண்டு. அவருக்கு லேபிள் பச்சையாக இருக்க வேண்டும். அதில் ஒரு இலை வேண்டும். இரண்டு கைகள் ஒரு செடியை ஏந்திக்கொண்டிருந்தால் இன்னும் விசேஷம். இயற்கைப் பொருள் என்று எந்த வீட்டிலிருந்து யார் வந்தாலும் இதே இலை, இதே கைதான். நமக்கெல்லாம் தூக்கத்தில் எழுப்பினாலும் வரைய வரும்.

பொடியே பழுப்பு நிறம், அதற்கு எதற்குப் பச்சை என்று கேட்டுப் பார்த்தேன். மசியவில்லை. கடைசியில், உங்கள் தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து டப்பாவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், அதுவும் பச்சைதான், அதிலும் இலைதான் போட்டிருக்கும் என்றேன். மனிதர் தாடையைச் சொறிந்துகொண்டார்.

"அப்ப அதுவும் இயற்கைதானுங்களா?"

சாமி பார்த்த டிசைன்

நம் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன், வெளியே விடாதீர்கள். கஸ்டமரிடம் ஒரு டிசைனை மட்டும் காட்டினால் நொட்டை சொல்வார்கள். அதனால் மனசுக்குப் பிடித்ததோடு ஒரு மட்டமான டிசைனையும் சேர்த்துக் காட்டுவோம். மட்டமானதைப் பார்த்ததும் நல்லதை எடுத்துக்கொள்வார்கள். நானும் மூன்று வாரம் உயிரைக் கொடுத்து ஒரு உருண்டை அட்டை டப்பா செய்தேன். சுற்றிலும் பூந்தி மரம், கொத்துக் கொத்தாய்க் காய், ஓரத்தில் பொன் கோடு. கூடவே ஒப்புக்கு ஒரு காக்கிக் காகிதப் பை. அதன் முன்பக்கம் பேரும் ஒற்றைக் கொட்டையின் கோட்டுப்படமும் மட்டும். பத்து நிமிட வேலை.

சுமதி இரண்டையும் பார்த்தார். நல்லா இருக்குதுங்ணா என்றார். எதுவென்று சொல்லவில்லை. குலதெய்வத்திடம் பூ கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார். எங்கள் பக்கம் பெண் பார்க்க, கிணறு வெட்ட, எல்லாவற்றுக்கும் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டிச் சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது. வெள்ளை வந்தால் டப்பா, சிவப்பு வந்தால் பை என்று பேச்சு. மறுநாள் போன் வந்தது. எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. சாமியோடு யார் வாதாடுவது?

"செவப்பு அரளிதானுங்ணா வந்துச்சு. பையே போட்டுரலாமுங்க."

முதல் வாடிக்கையாளர்

பையை ஒட்ட ரசாயனப் பசை வேண்டாம் என்று நான்தான் ரொம்பப் புத்திசாலித்தனமாக யோசனை சொன்னேன். ஊரெல்லாம் ஜவ்வரிசி ஆலை இருக்கும்போது பசைக்கு என்ன பஞ்சம்? ஜவ்வரிசிக்கு அரைக்கிற குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, மாவைக் காய்ச்சி, இருநூறு பைகளை ஒட்டிப் பொடியைப் போட்டுச் சுமதியின் கொட்டகையில் அடுக்கினோம். மூன்றாம் நாள் வந்து பார்க்கச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் பசை இருந்த இடமெல்லாம் எலி கொறித்து, அத்தனை பைக்கும் அடி இல்லை. பொடி குவியல் குவியலாகக் கீழே கிடந்தது. கசப்பு அல்லவா, அதை மட்டும் தொடவில்லை.

கடைக்குக் கொடுக்க நாலே நாள் இருந்தது. பழனிசாமிதான் தறியில் மிஞ்சும் கழிவு நூலைக் கூடையோடு கொண்டுவந்து கொட்டினார். புதுக் காகிதத்தில் பை வெட்டி, ஓரத்தையும் அடியையும் மடித்துத் தைத்து, வாயை நூலால் கட்டினோம். ஊதா, மஞ்சள், ராமர் பச்சை என்று பைக்கு ஒரு நிறம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, என் டிசைனைவிட அந்த முடிச்சு அழகாக இருந்தது. வேலை செய்கிற பெண்களில் மூத்தவரான ராசாத்தி, கட்டிக்கொண்டே என்னைத் தேற்றினார்.

"எலிக்குப் பை புடிச்சுப்போச்சு சாமி, இனி மனுசருக்குப் பொடி புடிச்சாப் போதும்."

வழியில் ஒரு ஒப்புதல்

சரக்கை ஏற்றிக்கொண்டு மினி லாரியில் சேலம் வரும்போது எனக்கு மனசு உறுத்தியது. நாலு பேர் பிழைப்பு அந்தப் பையில் இருக்கிறது. அது நான் ஒப்புக்கு வரைந்தது, நீங்கள் டப்பாவை எடுப்பீர்கள் என்றுதான் நினைத்தேன் என்று சுமதியிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் புடவைத் தலைப்பைத் திருகினார். பொடி தீர்ந்தால் அந்த டப்பாவைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது, வைத்துக்கொள்ள வீட்டில் இடமும் இருக்காது, அதனால் முதலிலேயே தனக்குப் பைதான் பிடித்தது என்றார்.

"நீங்க மூணு வாரம் ஒழைச்சிருக்கறீங்க. மொகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்ல மனசு வரலீங்ணா. அதான் ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பு அரளியவே வெச்சேன்."

காலி ரேக்

அந்த ஒரு மாதம் நானும் சரி, சுமதியும் சரி, அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. பயம்தான். கெடு முடிந்த அன்று சுமதியோடு போனேன். எங்கள் ரேக்கில் ஒரு பைகூட இல்லை. துடைத்து வைத்த மாதிரி காலி. சுமதிக்கு முகம் வெளுத்துவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துக் குடோனில் போட்டுவிட்டார்கள் என்று முணுமுணுத்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ராசாத்தியிடம் என்ன சொல்வது என்றுதான் இருவரும் யோசித்துக்கொண்டிருந்தோம்.

மேனேஜர் எங்களைப் பார்த்ததும் வேகமாக வந்தார். சரக்கு இருபதாம் நாளே தீர்ந்துவிட்டதாம். கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லையாம். சுமதி கொடுத்த சீட்டு எங்கேயோ தொலைந்துபோனதால் பத்து நாளாக எங்களைத் தேடுகிறாராம். சுமதி அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் இரண்டு நிமிடம் பூரித்துப்போய் நின்றேன். மேனேஜர் தன் வீட்டுக்கு வாங்கிய பையை எடுத்து என் முன்னால் முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார்.

"எடை போட்டிருக்கறீங்க, தேதி போட்டிருக்கறீங்க, எடப்பாடின்னு ஊரும் போட்டிருக்கறீங்க. போன் நம்பர் எங்கீங்க?"

இப்போதெல்லாம் எந்த வேலை வந்தாலும் முதலில் போன் நம்பரைப் போட்டுவிட்டு, அப்புறம்தான் அழகைப் பற்றி யோசிக்கிறேன்.