வெள்ளிக்கிழமை லீக்ஸில் விழுந்த மாசி

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சிட்டிகை மாசித் தூள் ஒரு கல்யாணப் பேச்சையே உலுக்கி எடுத்துவிட்டது.

மாசி தெரியும்தானே? கொழும்பில் இருப்பவர்களுக்கும் யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கும் நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் இந்தப் பக்கத்தைக் கடல் தாண்டியும் சிலர் படிக்கிறார்கள் என்று கேள்வி. அவர்களுக்காகச் சொல்கிறேன். மாலைதீவிலிருந்து வருகிற உலர்ந்த மீன் அது. அவித்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்து, கடைசியில் விறகுக் கட்டை மாதிரி ஆக்கி அனுப்புவார்கள். இடித்துத் தூளாக்கிச் சம்பலில் போடுவோம், கறியில் போடுவோம்... எதில்தான் போட மாட்டோம்?

வெள்ளிக்கிழமைக் கறியில் போட மாட்டோம். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

என் அப்பாவை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ரேடியோவோடு சண்டை பிடிக்கிறவர் என்று முன்பு எழுதியிருக்கிறேன். கொட்டகலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில், ஸ்டோரில் வேலை. தேயிலை ஃபாக்டரியைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். பொடியனாக முசிறிப் பக்கத்திலிருந்து வந்தவர். வந்த நாளிலிருந்து ஒரே பேச்சு — 'ஊருக்குப் போகணும்.' ஊர் என்றால் முசிறி. எங்கள் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், இருக்கிற இடத்தை அவர் ஒரு நாளும் ஊர் என்று சொன்னது கிடையாது. 'இங்க' என்பார். அத்தோடு சரி.

வியாழக்கிழமை அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, முசிறியிலிருந்து வந்து சேர்ந்தார். தலைமன்னாரில் கப்பலை விட்டு இறங்கி, ரயில் மாறி மாறி ஏறி, கொட்டகலை ஸ்டேஷனில் இறங்கும்போது குளிரில் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டார். 'கண்டிச் சீமைன்னா இப்படியா குளிரும்?' என்பதுதான் முதல் வார்த்தை. கையில் ஒரு துணிப் பை. மனசில் ஒரு திட்டம். தன் மகனுக்கு என் தங்கை செல்லத்தைக் கேட்பது.

முறை மாப்பிள்ளை. கேட்க உரிமை இருக்கிறது. எனக்குக் கல்யாணமாகி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கிறேன். ஆகவே நான் தப்பித்தேன், செல்லம் அகப்பட்டாள்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. 'மூத்தவளுக்குத்தான் இங்கயே அமைஞ்சு போச்சு. சின்னவளாவது ஊருக்குப் போகட்டும்' என்று ஸ்டோரில் ஒரு ஆள் விடாமல் சொல்லி வைத்துவிட்டார். தான் போக முடியாத இடத்துக்கு மகளையாவது அனுப்பிவிட வேண்டும் என்ற ஆசை. அதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செல்லத்திடம் யாராவது கேட்டார்களா? நான் கேட்டேன். மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் குடம் பிடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"எனக்கு அந்த ஊரு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதுக்கா. மாட்டேன்னு சொல்லிறலாம்னு வாயத் தொறப்பேன். அப்பா மொகத்தப் பாத்தா வார்த்தை வரமாட்டேங்குது."

"நான் சொல்லவா?"

"வேணாம்க்கா. நீ சொன்னா சண்டையில போயி முடியும்."

கொழுந்து எடுக்கிறவள் இவள். மலையில் வேலை வாங்குகிற கங்காணியோடு வாய்க்கு வாய் நிற்பாள். அப்பா முன்னால் மட்டும் ஊமை. என்ன செய்ய?

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அத்தை வெள்ளிக்கிழமை விரதக்காரர். மீன், முட்டை ஒன்றும் ஆகாது. அம்மா முதல் நாளே திட்டம் போட்டுவிட்டார் — சாம்பார், ரசம், பொரியல், அப்பளம், வடை, பாயசம். பக்கத்து வட்டகொடையில் பிறந்து, இந்தியாவைப் படத்தில்கூடப் பார்க்காத அம்மா, 'ஊர்ச் சாப்பாடு' போடப் போகிறாராம்.

"அண்ணி முன்னால ரொட்டியையும் சம்பலையும் கொண்டாந்து வச்சிராதீங்க. லயத்துச் சாப்பாடுன்னு நெனச்சிருவாங்க" என்றார் எங்களிடம்.

எனக்குச் சுருக்கென்றது. லயத்தில் இருக்கிறவர்கள் லயத்துச் சாப்பாடு சாப்பிடாமல் வேறு எந்தச் சாப்பாடு சாப்பிடுவார்கள்?

அந்த ரொட்டியைப் பற்றி நான் கொஞ்சம் பேசியே ஆகவேண்டும். கோதுமை மா, உப்பு, கைவசம் இருந்தால் தேங்காய்ப்பூ. விடியுமுன்னே கனமாகத் தட்டிச் சுட்டு, கட்டச் சம்பலை நடுவில் வைத்து மடித்து, துணியில் முடிந்துகொண்டு பெண்கள் மலைக்கு ஏறுவார்கள். கட்டச் சம்பல் என்றால் காய்ந்த செத்தல் மிளகாயும் வெங்காயமும் மாசியும் உப்பும் சேர்த்து இடித்தது. அந்த ரொட்டியைச் சூட்டோடு தின்கிறவனுக்கு அதன் ருசி தெரியாது. பத்து மணிக்குத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே, பனியில் விறைத்த விரல்களால் முடிச்சை அவிழ்க்கும்போதுதான் சம்பல் ஊறி, ரொட்டி பதமாகி இருக்கும். கூடவே ஒரு கடி கருப்பட்டி, ஒரு மிடறு பால் விடாத சாயத் தண்ணி. பெரிய பெரிய ஹோட்டல்களில் சாப்பிட்டிருக்கிறேன். அந்தப் பத்து மணி ரொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற சாப்பாட்டை இன்னும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். செல்லமும் வேலைக்குப் போகவில்லை. அம்மா சாம்பாரைப் பார்த்துக்கொண்டார். நான் வடை. செல்லத்துக்குப் பொரியல். கொல்லையில் விளைந்த லீக்ஸைப் பிடுங்கி, மண் போக அலசி, பொடிப் பொடியாக அரிந்து வதக்கினாள்.

மத்தியானம் அத்தையும் அப்பாவும் பாயில் உட்கார்ந்தார்கள். அம்மா பரிமாறினார். சாம்பாரை ஊற்றிப் பிசைந்த அத்தை ஒன்றும் சொல்லவில்லை. முசிறிக்காரருக்கு வட்டகொடைச் சாம்பார் எப்படி இருந்திருக்குமோ? பிறகு லீக்ஸில் கை வைத்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் எடுத்தார்.

"இது என்ன ராமாயி, வெங்காயத் தாளா?"

"லீக்ஸ் அண்ணி. இங்கதான் வெளையுது."

"நல்ல மணமா இருக்கே. இன்னுங் கொஞ்சம் வையி."

அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அப்பா என்னைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். அந்த நேரத்தில்தான் அடுப்படியில் செல்லம் என் கையைப் பிடித்தாள். அவள் பார்வை போன இடத்தில் ஒரு சின்னத் தகர டின். மூடி திறந்திருந்தது.

"அக்கா... லீக்ஸ்ல மாசி போட்டுட்டேன்."

"ஏன்டி போட்ட?"

"நெனச்சுப் போடலக்கா. கை தானாப் போயிருச்சு."

எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் எங்கள் வீடுகளில் லீக்ஸும் மாசியும் பிரிந்திருந்து நான் பார்த்ததில்லை. இன்னும் உண்மையைச் சொன்னால், மாசியை நாங்கள் மீன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எந்த வீட்டிலாவது, 'இன்னைக்கு என்ன கறி?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஒண்ணுமில்ல, வெறும் மரக்கறிதான்' என்பார்கள். அதற்குள் மாசி கிடக்கும்.

பரிமாற எடுக்க வந்த அம்மாவின் காதிலும் விழுந்துவிட்டது. கண்ணாலேயே எங்கள் இருவரையும் அதட்டினார் — மூச்சு விடக்கூடாது. அப்படியே விட்டிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அத்தை இரண்டாம் தடவை வைத்த லீக்ஸைப் பிசையக் கை நீட்டினார்.

செல்லம் முன்னால் போய் நின்றாள்.

"அத்த, அதச் சாப்பிடாதீங்க. அதுல மாசி போட்டுட்டேன். தெரியாமப் போட்டுட்டேன்."

"மாசின்னா?"

அம்மா முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்லீங்க அண்ணி. ஒரு கட்டை. வாசத்துக்குப் போடுறது." ஓடிப்போய் இடிக்காத மாசி ஒன்றை எடுத்துவந்து காட்டினார். அத்தை இடது கையால் வாங்கித் தரையில் தட்டிப் பார்த்தார். டொக் டொக்.

"மரமா இது?"

"மீனுங்க அத்த" என்றாள் செல்லம். "காஞ்ச மீனு."

"மீனுன்னு சொன்னா மீனுதான்... ஆனா மீனு இல்லீங்க அண்ணி" என்றார் அம்மா பரிதாபமாக. எங்கள் சனங்களின் கொள்கையை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

அத்தை எழுந்தார். கையைக் கழுவினார். நேராகப் பீலிக்குப் போய், கட்டிய சேலையோடு தலை முழுகினார். எங்கள் பீலித் தண்ணீர் மலை உச்சியிலிருந்து இறங்குவது. பிறந்ததிலிருந்து குளிக்கிற எங்களுக்கே அதில் தலையைக் கொடுக்கும்போது மூச்சு அடைக்கும். திரும்பி வந்தவருக்குப் பல்லோடு பல் அடித்தது. அடுப்படியில் வந்து குந்தினார்.

அப்பா செல்லத்தைப் பிடித்துக்கொண்டார். "மானத்த வாங்கிட்டியே. கடல் தாண்டி வந்தவங்க வெரதத்தக் கெடுத்துப்புட்டியே." செல்லம் இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றி அத்தையின் கையில் கொடுத்தாள். அத்தை பாதி குடித்த பிறகுதான் பேசினார்.

"நீ சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுங்க அத்த."

"அப்பறம் ஏஞ் சொன்ன?"

"அது உங்க வெரதம் அத்த. அதுல பொய் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு?"

அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "ராமாயி, எம் மகனுக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்."

பார்த்தீர்களா கூத்தை? பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை பிறகு அது வெளிப்பட்டு, அத்தை வேண்டாமென்று சொல்லி, தப்பித்திருப்பாள். உண்மையைச் சொல்லி வசமாக மாட்டிக்கொண்டாள். அப்பாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. செல்லம் என்னைப் பார்த்த பார்வையை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை. அத்தை அடுப்பைத் தன் வசம் எடுத்துக்கொண்டார்.

"இன்னைக்கு நாஞ் சமைக்கிறேன். தம்பி ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டு எத்தனை காலமாச்சு."

துணிப் பையிலிருந்து சுண்டைக்காய் வத்தல் வந்தது. தம்பிக்கென்று தன் வீட்டுக் கூரையில் காயவைத்து எடுத்துவந்தது. புளி கரைத்து, வத்தக் குழம்பு வைத்தார். நல்ல வாசனை, குறை சொல்ல மாட்டேன். இந்தக் குழம்பைப் பற்றி அப்பா பேசிப் பேசியே நாங்கள் வளர்ந்தோம். ஸ்டோரிலிருந்து வந்ததும் குளித்து, விபூதி பூசி, கோயிலுக்குப் போகிறவர் மாதிரி வந்து உட்கார்ந்தார்.

முதல் கவளம். கண் கலங்கிவிட்டது.

"அக்கா... ஆத்தா வச்ச மாதிரியே இருக்கு."

அத்தைக்கும் கண் கலங்கியது. எனக்கும்தான். இரண்டாவது கவளம். மூன்றாவது. பிறகு அப்பாவின் கை மெதுவானது. தட்டின் ஓரத்தைப் பார்த்தார். சோற்றைப் பார்த்தார். மறுபடியும் தட்டின் ஓரத்தைப் பார்த்தார். அந்த இடத்தில் என்ன இருக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"செல்லம்..." குரலைத் தணித்துக் கூப்பிட்டார். "அந்தக் கட்டச் சம்பல் கொஞ்சம் கெடக்காம்மா?"

அத்தையின் கையில் அகப்பை அப்படியே நின்றது. செல்லம் சம்பலைக் கொண்டுவந்து ஓரத்தில் வைத்தாள். அப்பா ஒரு நுள்ளு தொட்டு, குழம்புச் சோற்றோடு சேர்த்து வாயில் போட்டார். அதன் பிறகு சோறு மளமளவென்று இறங்கியது.

"ஏன் தம்பி, கொழம்பு நல்லா இல்லியா?"

"நல்லா இருக்குக்கா. ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இது இல்லாம எறங்க மாட்டேங்குது."

சொல்லிவிட்டு அவரே திகைத்துப் போனார். வெளியே வந்த வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாதே. பிறகு செல்லத்தை நிமிர்ந்து பார்த்தார். இந்த மூன்று நாளில் அன்றைக்குத்தான் அவளைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"அங்க பொறந்த எனக்கே இப்படின்னா, இங்கயே பொறந்து வளந்த புள்ள அங்க வந்து என்ன பண்ணும்? உனக்குப் போகப் பிரியமாம்மா?"

செல்லம் தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"கோவிச்சுக்காதக்கா. புள்ள இங்கயே இருக்கட்டும்."

"அப்ப நான் சும்மாவா கடல் தாண்டி வந்தேன்?" என்றார் அத்தை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சரி விடு. புள்ளையக் கண்கலங்க வச்சுக் கூட்டிட்டுப் போயி நான் என்ன வாழப்போறேன்" என்று அப்பாவுக்கு இன்னொரு அகப்பை குழம்பு ஊற்றினார். அடுப்படியில் செல்லம் உரலில் இடிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். உரலில் ஒன்றுமே இல்லை; அவள் முகத்தில் மட்டும் சிரிப்பு.

'உங்கள் தோட்டத்துப் பக்கம் அப்படி என்ன விசேஷச் சாப்பாடு?' என்று கொழும்பில் ஒரு நண்பர் என்னிடம் கேட்டதுண்டு. அன்றைக்குச் சிரித்து மழுப்பினேன். இன்றைக்குப் பதில் வைத்திருக்கிறேன். மா கப்பலில் வருகிறது. மாசி மாலைதீவிலிருந்து வருகிறது. சின்ன வெங்காயம் யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலேறுகிறது. லீக்ஸ் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. இடிக்கிற கை முசிறியிலிருந்து வந்தது. எல்லாமே வந்ததுதான். ஆனால் இவை ஒன்று சேர்ந்து ஒரு ருசியாகிற இடம் இந்த மலை மட்டும்தான். இங்கே எங்களை அந்த ஊர்க்காரர்கள் என்கிறார்கள். அங்கே போனால் கண்டிக்காரர்கள் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். எங்களுக்கென்று ஒரு சாப்பாடு இருக்கிறது, அதை நாங்களே உண்டாக்கினோம். பெருமையாக இருக்கிறது எனக்கு. வேறு எப்படிச் சொல்வது?

நேற்று அத்தையை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனோம். ரயிலில் ஏறி உட்கார்ந்த அத்தை, ஜன்னல் வழியாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"எப்பத்தான் தம்பி ஊருக்கு வருவ?"

"வர்றேன்க்கா. ஆனா வந்தா ரெண்டு வாரத்துக்கு மேல தங்க முடியாது. நம்ம ஊர்ல எல்லாம் போட்டது போட்டபடி கெடக்கும்."

நம்ம ஊர். கொட்டகலை பிளாட்ஃபாரத்தில் நின்றுகொண்டு சொன்னார். சொன்னது அவருக்கே தெரியவில்லை. செல்லம் என் கையை அழுத்திய அழுத்தில் வளையல் நெளிந்துவிட்டது.

ரயில் கிளம்பியது. அத்தையின் துணிப் பையில், வத்தல் இருந்த இடத்தில் நாலு கட்டை மாசி — வெள்ளிக்கிழமை மட்டும் அந்தப் பையை அவிழ்க்க மாட்டாராம்.