ஒரே நூலில் கட்டிய இரண்டு பெயர்கள்

நான் எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. இருபத்தைந்து வருஷமாகப் பிறர் எழுதியதை எழுத்து எழுத்தாகக் கோத்திருக்கிறேனே தவிர, சொந்தமாக ஒரு கடிதம் எழுதவும் கூசுகிறவன். அச்சகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் கம்பாசிட்டர்கள், என் பழைய தவறு ஒன்றைப் பற்றிச் சொல்லும்படி வற்புறுத்தினார்கள். அவர்களிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

1. பெயர் வரி

எங்கள் அச்சகம் பினாங்கில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குப் பின்சந்தில் இருந்தது. சனிக்கிழமைதோறும் ஒரு பத்திரிகை போட்டோம். அதில் ஜனங்கள் முதலில் தேடிப் படித்தது 'களத்துமேட்டான்' எழுதியதைத்தான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் நடப்பதை உள்ளபடி எழுதுவார்.

அவர் யார் என்பது ஆசிரியருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த வேலாயுதம். தகப்பனார் தஞ்சாவூர்ப் பக்கம் பண்ணையாளாக இருந்து, கப்பலேறிப் பால்மரம் வெட்ட வந்தவர். மகன் தோட்டத்துப் பள்ளியில் படித்து, காலைப் பெரட்டில் ஆட்களின் பெயர் கூப்பிடும் கிராணியானார்.

சொந்தப் பெயரில் அவர் மேடைகளிலும் பேசுவார். நான் சொல்லப்போகும் வாரம் ஞாயிற்றுக்கிழமை பினாங்கில் எங்கள் தமிழர் சங்கத்துக்குத் தேர்தல். தலைவர் பதவிக்கு அவர் நின்றார். ஜெயித்தால் பினாங்குக்குக் குடிவருவதாக இருந்தார். அதுவரை களத்துமேட்டான் அவர்தான் என்பது வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் துரை வேலையையும் பிடுங்குவார், தோட்டத்து வீட்டையும் பிடுங்குவார். அவர் மனைவிக்குப் பிரசவமாகிப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை.

ரகசியம் காக்க ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். கையெழுத்துப் பிரதியில் பெயர் இராது, புரூஃபிலும் இராது. எல்லாம் திருத்திய பிறகு கடைசியில் பெயர் வரியை நானே எடுத்து வைப்பேன். அடிக்கடி வரும் வரிகளைக் கம்பாசிட்டர்கள் பிரித்துப் போடமாட்டார்கள். நூலால் கட்டி ஒரு மூலையில் வைத்திருப்பார்கள். கூட்ட அறிவிப்புகளுக்கான 'கி. வேலாயுதம்' என்ற வரியையும் 'களத்துமேட்டான்' என்ற வரியையும் நான் ஒரே நூலில் கட்டி வைத்திருந்தேன். அது என் சோம்பேறித்தனம்.

அச்சடித்து முடிந்து, டைப்புகளைப் பூட்டிய ஃபாரத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். எங்களுக்குத் தலைகீழ் எழுத்துத்தான் கண்ணுக்குப் பழக்கம். கட்டுரையின் அடியில் 'கி. வேலாயுதம்' என்று இருந்தது. ஆசிரியரின் மேசை முன்னால் போய் நின்றேன்.

"என்ன அந்தோணி? சொல்லுலா, முழுங்காதே."

பத்திரிகைக் காப்பி ஒன்றை நீட்டி விரலால் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது.

"டவுன் காப்பி வெளிய போகல, மாத்தி அடிச்சுக்கலாம். நிபோங் திபால் கட்டு?"

"ஃபெர்ரிக்குப் போயிருச்சுங்க."

"அப்புறம் ஏன் இன்னும் இங்க நிக்கிறே?"

2. மை

அந்த ஃபெர்ரியைத் தவறவிட்டு அடுத்ததில் ஏறினேன். பிறை ஸ்டேஷனில் கட்டு ரயிலில் ஏற்றப்பட்டிருந்தது.

"ரசீதுல இருக்கிற பேருக்குத்தான் தருவோம்" என்றார் பார்சல் குமாஸ்தா. "கட்டு மேல அவ்வளவு ஆசைன்னா நீயும் அது கூடவே போயேன்."

கேலிதான் செய்தார். நான் டிக்கெட் வாங்கி ஏறினேன். வழியெல்லாம் உட்கார முடியவில்லை. சொல்லவேண்டிய ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் கோப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

நிபோங் திபாலில் வேலாயுதம் சைக்கிளோடு நின்றிருந்தார். வாராவாரம் அவரே வந்து கட்டை எடுத்துப் போவார்.

"அட, அந்தோணி அண்ணனா! என்ன, தேர்தல்ல எனக்கு எதிரா நிக்கப் போறீங்களா? நின்னா ஜெயிச்சிருவீங்க. பேசாத தலைவர்னா எல்லாருக்கும் புடிக்கும்."

நான் கட்டைக் கைகாட்டினேன். அவர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். பார்த்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அவளுக்குப் பத்தியம்கூட முடியல அண்ணே" என்றார்.

"எரிச்சிரலாங்க" என்றேன்.

"எப்படி எரிக்கிறது? வாய்க்கால் தண்ணியக் குடிச்சு ரெண்டு பேர் செத்திருக்காங்க. திங்கக்கிழமை சுகாதார அதிகாரி வர்றாரு. அதுக்குள்ள இதைப் படிச்சாத்தான் லயத்து ஆளுங்க அவர்கிட்ட வாயத் திறப்பாங்க."

பையிலிருந்து ஆபீஸ் மைக்கூட்டை எடுத்தார். இரண்டு குச்சிகளில் துணி சுற்றினோம். அறுபது காப்பிகளிலும் பெயரை மையால் அழித்தோம். முடிந்ததும் அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"களத்துமேட்டான் தப்பிச்சான் அண்ணே! நீங்க வரலேன்னா என் கதி?"

அப்போது முதலில் அழித்த காப்பி என் கையில் இருந்தது. அச்சு மை எண்ணெய் மை. எழுதுகிற மை அதன்மேல் நிற்காது. காயக் காய, நீலத்துக்குள்ளிருந்து எழுத்துகள் கறுப்பாக மேலே வந்துகொண்டிருந்தன. கம்பாசிட்டரான எனக்கு இது முதல் காப்பியிலேயே தெரியும். பெயர் இருந்த இடத்தைக் கத்தரித்து எடுத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

"என்ன அண்ணே, ஏதோ சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தவரிடம், என் இரண்டாவது தவறையும் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர் கட்டைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போனார்.

3. தெரிந்துகொண்டது

தோட்டத்துப் பெரிய கங்காணி அன்று சாயங்காலமே பேப்பரை வெயிலில் சாய்த்துப் படித்து, துரையிடம் சொல்லிவிட்டாராம். இன்று வேலாயுதம் பெரிய தலைவர். கவர்னரிடம் மனுக் கொண்டுபோகும் குழுக்களில் அவர் இருக்கிறார். "பேரு வெளிய வந்ததாலதான் அவர் தலைவரானார், உன் தப்பு நல்லதாப் போச்சு" என்று அச்சகத்தில் சொல்வார்கள். நான் ஒத்துக்கொண்டதில்லை. பெயரை எப்போது வெளியிடுவது என்பதை அவரல்லவா முடிவு செய்திருக்க வேண்டும்?

மை நிற்காது என்பது எனக்குத் தெரியும் என்று இதுவரை அவரிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

புதியவர்களுக்குச் சொல்வது இதுதான். இரண்டு பெயர்களை ஒரே நூலில் கட்டாதீர்கள். தொழிலில் உங்களுக்குத் தெரிந்ததை, கேட்பவர் முகம் வாடினாலும், அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் மத்தியானம், வேலையும் வீடும் போய், வேலாயுதம் ஒரு டிரங்குப் பெட்டியோடு குடும்பமாக ஃபெர்ரியில் வந்து இறங்கினார். நான்கு மணிக்குத் தேர்தல் நடந்தது. அவர் ஜெயித்தார். அவர் மனைவி அச்சகத்தில், காகிதக் கட்டுகளுக்கு நடுவில் பாய் போட்டுக் குழந்தையோடு படுத்திருந்தார்.