சாக்கில் ஒரே ஓர் எழுத்து

போன வாரம் ஒரு பெண்ணின் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே கோழித் தீவனம் இருக்கிறதா என்று.

இருந்தது சோறு, பயற்றங்காய்ப் பிரட்டல், ஒரு துண்டு கருவாடு. மூடிக் கொக்கியில் மாட்டிவிட்டார்கள். எதுவுமே நடக்காதது போல...

நடந்தது. அதனால் இந்த வாரப் பத்தியில் சிரிக்கச் சிரிக்க எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது எந்த ஊரில் இருக்கிறாய் என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். மெர்சிங் படகுத்துறையில் ஐஸ் தூக்கினேன். இடுப்பு போனது, வேலையும் போனது. இப்போது லாபிஸ் பக்கம் ஒரு கோழிப் பண்ணை. வலை கட்டுவது, கூரை ஒட்டுவது, தண்ணீர்க் குழாய் பார்ப்பது. பின்னால் செம்பனைத் தோட்டம், முன்னால் ரயில் பாதை. தங்குவதற்கு ஓர் அறை. கதவு முழுசாகச் சாத்தாது. பழகிவிட்டது.

ஆர்கானிக் பண்ணை. கோழியும் கொஞ்சம் வேறு மாதிரி. பெட்டை முட்டைக்கு, சேவல் கறிக்கு - இரண்டுக்கும் ஒரே இனம். வெறும் முட்டைக்கென்று வளர்க்கும் இனத்தில் சேவல் குஞ்சு பொரித்தால் அன்றைக்கே கதையை முடித்துவிடுவார்கள், தெரியுமா? இங்கே அது கிடையாது. அதனாலேயே இந்த இடம் எனக்குப் பிடித்தது.

சிக்கல் தீவனத்தில். கோழிக்குப் புரதம் வேண்டும். புரதம் என்றால் சோயா. ஆர்கானிக் சோயா கப்பலில் வர வேண்டும். சின்னப் பண்ணைகளுக்குக் கட்டுப்படியாகாது. எனவே ஜொகூர் பாருவிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்தார். நம்மவர்தான், இளைஞர், காலில் நல்ல சப்பாத்து. சோயாவைக் குறைத்து, செம்பனைப் புண்ணாக்கும் காயவைத்த ஈப்புழுவும் கலந்த ஒரு தீவனம். வழக்கத்தைவிடப் புரதம் குறைவு. இந்த இனம் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். நல்ல காரியம்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

இரண்டு கொட்டகை. இடது பக்கத்துக்கு வழக்கமான முழுத் தீவனம். வலது பக்கத்துக்குக் குறைத்த தீவனம். இதை அவர் போனில் சொன்னது பரமேஸ் அக்காவிடம். அக்கா முன்பு தோட்டத்தில் களையெடுக்கும் வெளிக்காட்டு வேலை செய்தவர். இப்போது இந்தக் கோழிகளுக்குத் தீவனம், தண்ணீர், வைத்தியம் எல்லாம் அவர்தான்.

சாக்குகள் லாரியில் வந்தன. இரண்டு தீவனமும் பார்வைக்கு ஒரே பழுப்புத் தூள். சாக்கின் மேல் என்ன எழுதியிருந்தது? சிலவற்றில் 'கே'. சிலவற்றில் 'பி'. அவ்வளவுதான். தடி மார்க்கரில் ஒரே ஓர் ஆங்கில எழுத்து.

"தம்பி, இதுல எது முழுசு, எது கொறைச்சது?" என்று அக்கா கேட்டார். "சாருக்குப் போன் அடிச்சா எடுக்க மாட்றாரு."

இங்கேதான் நான் வருகிறேன்.

ஆயர் ஈத்தாமில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரண்டு வருடம் டீ கலக்கியவன் நான். ஒரு பஸ் வந்து நின்றால் நாற்பது டீ. சீனி குறைத்துக் கேட்பவர்களின் டீக்கு மூடியில் 'கே' என்று எழுதுவோம். மலாயில் 'குறாங் மானிஸ்' - இனிப்புக் குறைவு. இந்த நாட்டில் 'குறாங்' தெரியாத நாக்கு உண்டா?

"கே-ன்னா குறாங் லா கா," என்றேன். "பி-ன்னா பெனோ. பெனோன்னா முழுசு. இதுகூடவா தெரியாது?"

"ஒனக்குத் தெரியாதது என்னதான் இருக்கு!" என்று சிரித்தார் அக்கா. 'பி' சாக்கு இடது பக்கம் போனது. 'கே' சாக்கு வலது பக்கம் போனது.

வாரங்கள் ஓடின. வலது பக்கக் கோழிகள் மினுமினுத்தன. இடது பக்கம்... முதுகில் இறகில்லை. ஒன்றையொன்று கொத்தி, இறகைப் பிடுங்கித் தின்றன. தரையில் ஓர் இறகு மிஞ்சாது. தொட்டியில் தீவனம் இருக்கும். அதை விட்டுவிட்டு இறகுக்கு ஓடும். அக்கா காயம்பட்டதையெல்லாம் பிரித்து வைத்து மஞ்சள் பூசினார்.

அந்தப் பசி எனக்குத் தெரியும். வயிறு நிறைந்திருக்கும், உடம்புக்குப் பத்தாது. ஒரு வருடம் சோற்றில் கிச்சாப் சாஸ் மட்டும் ஊற்றித் தின்றே மூட்டை தூக்கியிருக்கிறேன். நகம் உரியும். யாரைப் பார்த்தாலும் கடித்துக் குதறத் தோன்றும். இது தெரிந்த நானே யோசிக்கவில்லை, பாருங்கள்.

அக்கா மூன்று முறை போன் செய்தார். "வர்றேன் கா, வர்றேன்." பத்து வாரம் வரவில்லை.

போன செவ்வாய் வந்தார். கையில் தராசு, கோப்பு. பக்கத்தில் பண்ணை முதலாளி - தவுக்கே. தீவன லாரிக்காரரும் முட்டை வாங்க வந்த இரண்டு பேரும் நின்றார்கள். நான் ஏணியில் இருந்தேன். ஆராய்ச்சிக்காரர் இடது பக்கக் கோழி ஒன்றை நிறுத்தார். இன்னொன்றை நிறுத்தார். முகம் மாறியது.

"கா, சாக்கு எல்லாம் காலி. கோழி இப்படி இருக்கு. தீவனம் எங்க போச்சு?"

"எங்க போகும்? அதுங்க வயித்துலதான் சார்."

"வீட்டுல கோழி வளர்க்கிறீங்களா?"

"ஏழு இருக்கு."

"நல்லா கொழுத்திருக்கா?"

தவுக்கே தரையைப் பார்த்தார். அக்காவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"என்னா சார் பேசுறீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல லா. ஒரு தடவ பேக்கைப் பாத்துக்கறேன்."

பதிலுக்குக்கூட அவர் நிற்கவில்லை. கொக்கியிலிருந்து தானே எடுத்தார். தானே திறந்தார். சோற்று டப்பாவின் மூடியைக்கூடத் தூக்கிப் பார்த்தார்.

நான் கேட்கிறேன்: கோழி மெலிந்தால் தீவனத்தைச் சந்தேகப்படக் கூடாதா? கலவையை? தராசை? பத்து வாரம் எட்டிப் பார்க்காத உங்களை? எல்லாவற்றையும் தாண்டி, முதலில் கை போகும் இடம் கூலிக்காரியின் சோற்றுப் பைதானா? அவர் வீட்டுக் கோழி கொழுத்திருந்தால் அவர் வளர்க்கத் தெரிந்தவர் என்று ஏன் தோன்றாது?

பையை மாட்டிவிட்டு, தவுக்கேயிடம் மலாயில் சொன்னார். இது கவாலான் கொட்டகை, முழுப் புரதம் கொடுத்த கொட்டகை, இப்படி மெலிய வழியே இல்லை என்று.

கவாலான்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வழக்கமான தீவனத்திலேயே வைத்திருப்பதற்குப் பெயர் கவாலான். அதுதான் 'கே'! சோதனைக்கு மலாயில் பெர்ச்சுபான். அதுதான் 'பி'! முழுத் தீவனம் வலது பக்கம் போயிருக்கிறது. குறைத்தது இடது பக்கம் போயிருக்கிறது. பத்து வாரமாக.

ஏணியிலிருந்து இறங்கிச் சொன்னேன். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று அப்புறம் நான்கு நாள் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். ஆனால் என்ன சொன்னேன்?

"சார், சாக்குல எழுத்தைத் தப்பாப் படிச்சிட்டாங்க. கே-ன்னா குறாங்னு நெனச்சிட்டாங்க."

படிச்சிட்டாங்க. யார்? நான் பெயர் சொல்லவில்லை. அங்கே தீவனம் போடுபவர் ஒரே ஆள்தான்.

"அலமாக்! படிக்கத் தெரியாதவங்கள வச்சு ட்ரயல் பண்ணினா இப்படித்தான்," என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்புறம் சிரித்தார். ஆமாம், சிரித்தார். "ஓகே லா, டேட்டா போகல. பேரை மாத்திப் போட்டா முடிஞ்சிது." கோப்பில் இரண்டு வார்த்தைகளை அடித்து இடம் மாற்றி எழுதினார். குறைத்த தீவனத்தை இந்தக் கோழிகள் தாங்கவில்லை, கலவையை மாற்ற வேண்டும். அவருக்குத் தேவையான பதில் கிடைத்துவிட்டது.

அக்கா என்னைப் பார்த்தார். ஒரு தடவைதான். பிறகு ஆராய்ச்சிக்காரர் பக்கம் திரும்பினார்.

"அங்க மாத்திட்டீங்க சார். என்னைத் திருடின்னீங்களே, அதை எங்க மாத்துவீங்க?"

"திருடின்னு நான் சொல்லவே இல்லயே கா."

"பையைத் தொறந்தீங்க. அதுக்கு மேல வாயை வேற தொறக்கணுமா?"

பையை எடுத்துக்கொண்டு ரயில் பாதையோரமாக நடந்து போய்விட்டார்.

நான்கு நாள் வரவில்லை. நான் தீவனம் போட்டேன், இந்த முறை சரியான சாக்கிலிருந்து. கோழிகள் என்னைக் கண்டு மூலைக்கு ஓடின. தவுக்கே இரண்டு முறை அக்கா வீட்டுக்குப் போனார். வேறு ஆள் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: அன்றைக்கு யார் யார் நின்றார்களோ, அத்தனை பேர் முன்னாலும் ஆராய்ச்சிக்காரர் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஞாயிறு காலை எல்லாரும் நின்றோம். லாரிக்காரர்கூடப் புதுச் சாக்குகளோடு வந்திருந்தார்.

"சாரி கா," என்றார் ஆராய்ச்சிக்காரர். கண் போனில்.

"முழுசா சொல்லுங்க சார். எதுக்கு சாரி?"

போன் சட்டைப் பைக்குள் போனது. "பேக்கைத் தொறந்தது தப்பு. நீங்க ஒண்ணும் எடுக்கல."

"இன்னும் இருக்கு. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல ஆறாவது வரைக்கும் படிச்சவ. படிக்கத் தெரியாதவ இல்ல."

"அதுவும் தப்புதான் கா."

அக்கா அவரிடமிருந்து மார்க்கரை வாங்கினார். புதுச் சாக்குகளில் தமிழில் பெரிதாக எழுதினார்: முழு. குறை. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டார்.

மேலே இருப்பவர்கள் எங்களோடு பேச எவ்வளவு சிக்கனம் பாருங்கள்! சாக்கில் ஓர் எழுத்து. போனில் அரை வாக்கியம். மன்னிப்புக்கு ஒரு சொல், அதுவும் இரவல். முழுசாக எழுதினால் மை தீர்ந்துவிடுமா? ஆனால் எங்கள் பையைச் சோதிக்கும்போது மட்டும் அரைகுறை வேலையே கிடையாது. அடி வரைக்கும் பார்ப்பார்கள்.

சரி, அவரைத் திட்டியாயிற்று. மிச்சக் கோபத்தை எங்கே வைப்பது?

அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் அக்கா ஒரு விரலை என் பக்கம் நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் நீட்டவில்லை. திங்கட்கிழமை எனக்கும் சேர்த்து டீ கொண்டுவந்தார். சீனி சரியாகப் போட்டிருந்தார். அதைக் குடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

பரமேஸ் அக்கா இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர். படித்து முடித்துத்தான் பேப்பரைக் குஞ்சுப் பெட்டியில் விரிப்பார். ஆகவே, அக்கா, விரிப்பதற்கு முன்னால் ஒரு திருத்தம்.

'படிச்சிட்டாங்க' என்பதை அடித்துவிடுங்கள். தப்பாகப் படித்தேன். நான்.