வெள்ளி கறுத்த இரண்டாம் நாள்

என் கணவர் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்த்தார். நான் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒரு மதியம் சாப்பாட்டு வேளையில் அவருடைய போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் ஒரு ஆட்டோக்காரர்.

"டீச்சர், சாருக்குக் கையில லேசா சூடு பட்டிருக்குது. வூட்ல எறக்கி விட்டிருக்கேன், வாங்க."

அந்த 'லேசா'வை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழன்று கிடந்தது. அதன்மேல் பல் துலக்கும் பேஸ்ட் அப்பியிருந்தது. சூளைக் கதவைத் திறந்தபோது தீ வெளியே பாய்ந்திருக்கிறது. சூப்பர்வைசர் பேஸ்ட்டைத் தடவி ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார், ஆஸ்பத்திரிக்கு அல்ல, வீட்டுக்கு. மண் குழைக்க நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற இடம் அது. அந்தக் கையைக் குழாயடியில் காட்டச் சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் காய்ந்த பேஸ்ட்டைக் கழுவி எடுக்க, தோலும் கூடவே வந்தது. எப்படிப் பட்டது என்று டாக்டர் கேட்டார். என் கணவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "வூட்ல எண்ணெ கொட்டிடுச்சு சார்."

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். வெளியே வந்ததும் கேட்டேன்.

"யாரு சொல்லிக் குடுத்தது இத?"

"சூப்பர்வைசருதான். கம்பெனி பேரு வரக்கூடாதாம். திரும்ப வேலைக்குப் போவ வேணாமா நானு?"

வெள்ளை மருந்து தடவித் தடவிப் பத்து நாளாகியும் புண் ஆறவில்லை. சீழ் வைத்து நாற்றமெடுத்தது. அப்போதுதான் டாக்டர் மருந்தை மாற்றினார். சாம்பல் நிறத்தில் மெல்லிய துணி மாதிரி ஒன்றைத் தண்ணீரில் நனைத்துப் புண்மேல் பரப்பிக் கட்டினார். "நானோ சில்வர். மூணு நாளைக்குப் பிரிக்காதீங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

இரண்டாம் நாள் காலை கட்டின் ஓரத்தில் கறுப்பாகக் கசிந்திருந்தது. துணியின் நுனியை விலக்கிப் பார்த்தேன். உள்ளேயும் கறுப்பு. கை அழுகிக்கொண்டிருக்கிறது, இனி வெட்டித்தான் எடுப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். கேட்காமல், காய்ந்து ஒட்டியிருந்த துணியை இழுத்துப் பிரித்தேன். அதனுடன் புதிதாக வந்திருந்த தோலும் பிய்ந்து ரத்தம் கொட்டியது. அவர் துண்டைக் கடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நர்ஸ் அந்தத் துணியை வாங்கிப் பார்த்தார்.

"அழுவல்லாம் இல்லங்க. வெள்ளி கறுத்திருக்குது. கண்ணுக்கே தெரியாத வெள்ளித்தூளு இதுல இருக்கும். கிருமிய வளர வுடாது. பிரிக்கறதுன்னா தண்ணி வுட்டு ஊற வெச்சு எடுக்கணும்."

வெள்ளி கறுக்கும். வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்து, பரீட்சையில் கேட்டு மதிப்பெண்ணும் போடுகிற நான், என் வீட்டுக்காரரின் கையில் அது கறுத்தபோது அழுகல் என்று பிய்த்து எறிந்திருக்கிறேன். என்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அது என்மேல் மட்டும் நிற்கவில்லை.

டாக்டர் வந்ததும் கேட்டேன். "கறுக்கும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல சார்?"

"எத்தனை பேருக்கும்மா ஒவ்வொண்ணா விளக்கிச் சொல்றது?"

"கை ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க கைதானே சார்."

அவர் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"அப்படியே இன்னொண்ணும் எழுதிக்குங்க. எண்ணெ கொட்டல. கம்பெனி சூளையில பட்டது."

"சும்மா இரு" என்றார் என் கணவர், பல்லைக் கடித்தபடி.

"இவ்ளோ நாளு சும்மாதான் இருந்தேன்."

டாக்டர் பேனாவை நிறுத்தி என் கணவரைப் பார்த்தார். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டாக்டர் பழைய வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

எப்படியோ சேதி எட்டி, மறுநாள் சூப்பர்வைசர் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தார். "இப்படி எழுத வெச்சுட்டீங்களே டீச்சர், படிச்சவங்க நீங்க" என்றார். பையை வாங்காமல் கதவைச் சாத்தினேன். கம்பெனி இவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. இவர் நாலு நாள் என்னோடு பேசவில்லை. அதுவரை நான் ஊட்டிய சோற்றைக்கூட இடது கையால், ஸ்பூன் போட்டு, தானே எடுத்துச் சாப்பிட்டார்.

அதே வெள்ளித் துணியை மறுபடி வைத்துக் கட்டினார்கள். இந்த முறை கறுத்தபோது நான் தொடவில்லை. புண் ஆறிவிட்டது. ஆனால் முழங்கை முழுசாக நீட்ட வரவில்லை. நான் பிய்த்ததாலா, அன்று தண்ணீர் காட்டாததாலா, யாராலும் சொல்ல முடியவில்லை.

டாக்டர் எழுதியதை வைத்து, இரண்டு மாதம் கழித்து விபத்தை விசாரிக்க ஒரு அரசு அதிகாரி வீட்டுக்கு வந்தார். நான் பள்ளியில் இருந்தேன். என் கணவரே அதிகாரி முன்னால் உட்கார்ந்து, சூளைக் கதவு எத்தனை நாளாகச் சரியாக மூடாமல் இருந்தது, தான் அதை யாரிடம் சொன்னார், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். கணவரிடம் அதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் இரண்டு பேருக்கும் மறுபடி கோபம் வரும்.