நான்கு கழுத்து ஏறிய சிவப்பு பேட்ஜ்

கைக்குழந்தையை அக்கா வீட்டில் விட்டுவிட்டு அவள் அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குள் வேலைக்கு நுழைந்தபோது வயது இருபத்தெட்டு. புருஷன் போய் மூன்று மாசம்தான் ஆகியிருந்தது. கழுத்தில் வெள்ளை பேட்ஜ் மாட்டி, கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். ஒன்பது வருஷம் வாந்தியும் உருகிய ஐஸ்கிரீமும் துடைத்தாள். அப்புறம் எட்டு வருஷம் நீல பேட்ஜ். உயரத்தில் ஏறித் தலைகீழாய்ப் பாய்கிற ரயிலுக்கு அங்கே ‘பாம்பு’ என்று பேர். அதில் உட்காருகிறவர்களின் மடிமேல் இறங்கிப் பூட்டிக்கொள்ளும் கம்பியை ஒவ்வொன்றாய் இழுத்துப் பார்ப்பதுதான் நீலத்தின் வேலை. நாளுக்கு ஆயிரம் மடியாவது இருக்கும். பெற்றவர்கள் வைத்த பேர் மறந்துபோய் எல்லாருக்கும் அவள் பெல்ட்டக்கா ஆனாள்.

நாற்பத்தைந்தாவது வயதில் பச்சை கிடைத்தது. பச்சை என்றால் மெஷினைத் தொடலாம், நாற்காலியில் உட்காரலாம். சாப்பாட்டுக் கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற மேசை. “இனிமே உன்கிட்ட பேசணும்னா மனு எழுதிப் போடணுமாம்மா?” என்று மகள் கேலி செய்தாள். ஆனாலும் பச்சைக்கு ஒரு வரம்பு உண்டு. ராட்டினத்தை ஓட்டலாமே தவிர, காலையில் திறக்கவோ ஆபத்தென்று மூடவோ முடியாது. அதற்குச் சிவப்பு பேட்ஜ் வேண்டும். நான்கு ராட்டினத்துக்கு ஒரே சிவப்பு சார்தான்.

சட்டப்படி அவர் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் போய், மணல் மூட்டைகளை உட்காரவைத்து மூன்று தடவை ஓட்டிப் பார்த்து, பிறகு தன் பேட்ஜை மெஷினில் ஒற்ற வேண்டும். நடந்ததோ வேறு. சார் கேன்டீனில் டீயோடு உட்கார்ந்துவிடுவார். அவருடைய பேட்ஜ் மட்டும் ராட்டினம் ராட்டினமாகப் போகும். பெரிய சக்கரத்துக்காரர் ஒற்றிவிட்டுத் தண்ணீர்ச் சறுக்குக்காரரின் கழுத்தில் போடுவார், அவர் பறக்கும் நாற்காலிக்காரரின் கழுத்தில் போடுவார், கடைசியில் அது பாம்புக்கு வரும். இதைக் கழுத்து மாற்றுவது என்பார்கள். தப்பென்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பத்து நிமிஷம் சிவப்பு தொங்கிய கழுத்துக்கு என்றாவது அது சொந்தமாகும் என்று ஒரு நம்பிக்கை வேறு. முதல் நாள் அது தன் கழுத்தில் விழுந்தபோது பெல்ட்டக்காவும் மாலை விழுந்த மாதிரிதான் பூரித்தாள். மற்றவர்கள் மணல் மூட்டையைத் தொடுவதே இல்லை. இவள் மட்டும் பிடிவாதமாக மூன்று தடவையும் ஓட்டிவிட்டுத்தான் ஒற்றுவாள்.

அன்றைக்குக் காலையில் பதினோராவது இருக்கையின் கம்பியை இறக்கியபோது அவள் கை நின்றுவிட்டது. பூட்டுக்குள் இரண்டு பல் உண்டு, கம்பி இறங்கினால் டக் டக் என்று இரண்டு சத்தம் வரும். வந்தது ஒன்று. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. முதல் ஓட்டத்தில் ஒன்றுமில்லை, இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவது முடிந்து ரயில் வந்து நின்றபோது கம்பி இரண்டு விரற்கடை மேலே தூக்கியிருந்தது, மூட்டை ஒரு பக்கமாய்ச் சாய்ந்துகிடந்தது. வாசலுக்கு வெளியே அதற்குள் பள்ளிக்கூடப் பஸ்கள் வரிசையாக வந்து நின்றுவிட்டன.

சாரைப் போனில் கூப்பிட்டாள். அவர் அவசரமே படாமல், முந்தாநாள்தான் ஃபிட்டர் பார்த்தார், பச்சைக்கு இந்த யோசனையெல்லாம் எதற்கு, ஒற்றிவிட்டுப் பேட்ஜை அனுப்பு என்று சொல்லி வைத்துவிட்டார்.

பெல்ட்டக்கா மெஷின் பக்கம் திரும்பினாள். திறக்க ஒரு பொத்தான், மூட ஒரு பொத்தான். மூடுகிற பொத்தானை அழுத்தி, கழுத்திலிருந்த சிவப்பை அதில் ஒற்றினாள். பாம்பின் விளக்குகள் மொத்தமும் அணைந்தன.

சார் டீக் கிளாஸோடு ஓடி வந்தார். அவர் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியில் மேலதிகாரியின் குரல் முன்னாடியே வந்துவிட்டது. “யாருய்யா மூடினது? இங்க ஸ்கிரீன்ல உங்க பேர்தானே வருது?”

சார் வாக்கிடாக்கியை உருவினார். நான் இல்லை என்றால் பேட்ஜ் யாரிடம் இருந்தது என்ற கேள்வி வரும். அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்துக்கொண்டே, “ஆமா சார், நான்தான். சின்ன சந்தேகம்” என்றார்.

ஃபிட்டர் வந்து கம்பியைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கினார். பத்துத் தடவையும் பிடித்தது. கோளாறு ஒன்றுமில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். வாக்கிடாக்கி மறுபடி கத்தியது, வாசலில் இருநூறு பிள்ளைகள் நிற்கிறார்களாம்.

“அதான் ஃபிட்டரே சொல்லிட்டாருல்ல, தொற” என்றார் சார்.

“தொறக்கறேன். அதுக்கு முன்னாடி அந்தப் பதினோராவதுல நீங்க ஒரு சுத்து போய்ட்டு வாங்க சார்.”

“கொழுப்பா உனக்கு?”

“ஒரே சுத்து. நானே ஓட்டறேன்.”

ஃபிட்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சார் டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வண்டி வரைக்கும் நடந்தார். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தார். கம்பியைக் கையால் தொட்டார். மேலே பாம்பு தலைகீழாய்த் திரும்புகிற வளைவை அண்ணாந்து பார்த்தார். வைத்த காலை மெதுவாக எடுத்தார்.

“பாம்பு இன்னைக்கு ஓடாது சார்” என்று வாக்கிடாக்கியில் சொன்னார். பிறகு அவளிடம் வந்து சிவப்பு பேட்ஜைப் பிடித்து இழுத்தார். பச்சையும் சேர்ந்தே வந்தது. அதை அவர் திருப்பித் தரவில்லை.

அவள் அதைக் கேட்கவும் இல்லை. “மத்த மூணையும் யாரு சார் ஓட்டிப் பாத்தது?” என்றுதான் கேட்டாள்.

அதற்குள் வாசலைத் திறந்துவிட்டார்கள். பிள்ளைகளின் கூச்சல் பறக்கும் நாற்காலிப் பக்கம் போயிற்று.

அவளும் அந்தப் பக்கம் ஓடினாள். வரிசையின் முன்னால் கையை விரித்து நின்று, இன்றைக்கு இதில் ஏறாதீர்கள் என்றாள். பிள்ளைகளைக் கூட்டிவந்த டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்து, நீங்கள் யாரம்மா என்று கேட்டார். அவள் கை வெறும் கழுத்துக்குப் போயிற்று. பிள்ளைகள் அவள் கைக்கு அடியில் குனிந்து நுழைந்து போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

பெல்ட்டக்காவும் பின்னாலேயே மேடையில் ஏறினாள். முதல் நாற்காலியின் சங்கிலியை இழுத்துப் பார்த்தாள், அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. “அக்கா, எறங்குங்கக்கா, என் வேலைக்கு வேட்டு வெச்சுடாதீங்க” என்று பறக்கும் நாற்காலிக்காரர் கெஞ்சினார். அவள் காதில் வாங்கவில்லை. எட்டாவதுக்கு வந்தபோது இரண்டு காவலாளிகள் தோளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்கள். இன்னும் பதினாறு நாற்காலி பாக்கி இருந்தது.

மணி அடித்தது. நாற்காலிகள் தரையைவிட்டு எழும்பின.